வெளிநாட்டில் வேலை, அங்கே தேர்தல்: வேலூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கமிருந்து தோல் வேலைக்கு ஆப்பிரிக்கா கிளம்புகிறவர்கள் சம்பளம் கேட்பார்கள், சாப்பாடு கேட்பார்கள், வெயில் எப்படி என்றுகூடக் கேட்பார்கள் (வேலூர்க்காரர் கேட்கிற கேள்வியா அது!). அங்கே அடுத்த தேர்தல் எப்போது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நமக்குத் தேர்தல் என்றால் பறக்கும் படை, பணப் பட்டுவாடா, மைக் சத்தம். 2019-ல் பணம் பிடிபட்டு நம் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்ட் 5-ல் தனியாக நடந்தது, அப்போதும் டேனரி, கடைத்தெரு எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த நினைப்பிலேயே எல்லா நாட்டுக்கும் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 1: மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

வாக்குப்பதிவு நாளை மட்டும் பார்த்தால் போதாது. தமிழ்நாட்டில் 2024 ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை பேசாமல் இருந்தோம். பல நாடுகளில் அந்த இடைவெளிதான் ஆபத்தானது. கென்யாவில் 2007 டிசம்பர் 27-ல் ஜனங்கள் வரிசையில் நின்று அமைதியாக ஓட்டுப் போட்டார்கள். 30-ஆம் தேதி முடிவு அறிவித்ததும் கலவரம் வெடித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் வீட்டைவிட்டு ஓடினார்கள். 2017-ல் ஆகஸ்ட் 8-ல் தேர்தல், செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, அக்டோபர் 26-ல் மறுபடியும் தேர்தல். ஆகவே வாக்குப்பதிவு, முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு மூன்றையும் காலண்டரில் எழுதுங்கள். கென்யாவில் முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் வழக்குப் போடலாம், அடுத்த பதினான்கு நாளுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும், கணக்குப் போடுவது சுலபம். அங்கே அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்ட் 10-ல் வர வேண்டும், ஆடி மாதம்தான். ஊருக்கு வர லீவு போடுவதாக இருந்தால் அதை ஒட்டிப் போடுங்கள், முதலாளியிடம் ஆறு மாதம் முன்பே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை.

படி 2: காகிதங்கள்

பாஸ்போர்ட், வொர்க் பர்மிட் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஒன்று உங்களிடம், ஒன்று ஊரில் வீட்டாரிடம். அசல் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் கிடந்தால் தேர்தலுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள், ஆபீஸ் பூட்டியிருக்கிற நாளில்தான் அது தேவைப்படும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்தில் (பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், உதவி என்று பொருள்படும் இந்திப் பெயர் அது), அல்லது கென்யா என்றால் நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தில், உங்கள் முகவரியையும் போன் நம்பரையும் பதிந்து வையுங்கள். நீங்கள் அங்கே இருப்பதே அவர்களுக்குத் தெரியாவிட்டால் எங்கே வந்து தேடுவார்கள்?

படி 3: இணையம் போகும், பணமும் போகும்

இதைத்தான் புதிதாகப் போகிறவர்கள் நம்ப மாட்டார்கள். உகாண்டாவில் 2021 ஜனவரி 14, பொங்கலன்று தேர்தல், முந்தைய நாள், அதாவது போகியன்று மாலையே நாடு முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள், பல நாள் வரவில்லை. 2026 ஜனவரி தேர்தலுக்கும் அதேதான், அதுவும் பொங்கல் சமயம். தான்சானியாவில் 2025 அக்டோபர் 29 தேர்தலன்று இணையம் துண்டிப்பு, தாருஸ் ஸலாமில் ஊரடங்கு. கலவரம் உங்கள் தெருவுக்கு வராமலே போகலாம். ஆனால் வாட்ஸ்அப் இல்லை, வரைபடம் இல்லை, மொபைலில் பணம் அனுப்ப முடியவில்லை என்ற நிலை வரக்கூடும்.

அதனால் வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே இதைச் செய்யுங்கள். பத்து நாள் செலவுக்கு உள்ளூர்ப் பணம் சிறு நோட்டாக, மொத்தமாக ஒரே இடத்தில் வைக்காமல். போனில் ஐஎஸ்டி பேச, எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸ். ஊர் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், பவர் பேங்கை நிரப்பி வையுங்கள். அரிசி, மாவு, பருப்பு, குடிநீர், கேஸ், தினமும் போடுகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரை இரண்டு வாரத்துக்கு.

அப்புறம் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் வராவிட்டால் பயப்படாதே அம்மா, தினம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் போடுகிறேன்." சொல்லாவிட்டால் டிவி செய்தியைப் பார்த்துவிட்டு குடியாத்தத்தில் ஒரு குடும்பமே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும்.

படி 4: அரசியல் பேசாதீர்கள்

டீக்கடையில் நின்று கட்சி பேசியே வளர்ந்தவர்கள் நாம், கஷ்டம்தான். ஆனால் அங்கே யார் ஜெயிப்பார் என்று டாக்ஸிக்காரர் கேட்டால், "நான் வேலைக்கு வந்த ஆள், எனக்கு என்னங்க தெரியும்" என்று சிரித்து முடித்துவிடுங்கள். கூட்டத்தைப் படம் எடுக்காதீர்கள், போலீஸை எடுக்கவே எடுக்காதீர்கள். சட்டை நிறத்தைக்கூடக் கவனிக்க வேண்டும்: உகாண்டாவில் எதிர்க்கட்சிக்காரர்கள் அணிந்த சிவப்புத் தொப்பியை 2019-ல் ராணுவ உடையாக அறிவித்து, மற்றவர்கள் போடத் தடை செய்தார்கள். சிங்கப்பூரில் கலவரப் பயம் இல்லை, ஆனாலும் வேட்பாளர் தமிழர் என்பதற்காக நோட்டீஸ் கொடுக்கப் போகாதீர்கள், தேர்தல் வேலையில் வெளிநாட்டவர் ஈடுபடுவது அங்கே சட்டப்படி குற்றம். நம் நாடும் இதில் கறார்தான். 2019-ல் மேற்கு வங்கத்தில் பிரச்சாரம் செய்த வங்கதேச நடிகர் ஃபெர்தௌஸ் அகமதின் விசாவை ரத்து செய்து திருப்பி அனுப்பினார்கள்.

படி 5: கிளம்ப வேண்டி வந்தால்

தெருவில் டயர் எரியும்போது விமான நிலையத்துக்குக் கிளம்பாதீர்கள். போவதென்றால் முன்பே போயிருக்க வேண்டும், இல்லையா, சரி, ரோடு திறக்கும்வரை வீட்டிலேயே இருங்கள், ஜன்னலை விட்டுத் தள்ளியே படுங்கள். பையில் பாஸ்போர்ட்டோடு மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையையும் வையுங்கள். கென்யா, உகாண்டாவிலிருந்து அது இல்லாமல் வந்து இறங்கினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், எனவே போகும்போதே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு போங்கள், ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும்.