மின்விசிறி வாங்குமுன் கூரையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

சென்ற சித்திரையில் ஊர் வீட்டுக் கூடத்துக்குப் புது மின்விசிறி வாங்கி மாட்டினோம். முழு வேகத்தில் சுற்றியது. நேர் கீழே கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்குக் காற்றே வரவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தாள்கூட அசையவில்லை. மோட்டார் சரியில்லை என்றுதான் ஒரு வாரம் நினைத்திருந்தேன். குறை, விசிறி தொங்கிய உயரத்தில் இருந்தது.

முதலில் அறையின் அளவு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 1200 மி.மீ. (48 அங்குலம்) உள்ள விசிறி போதும். சமையலறைக்கு 900 அல்லது 600. இருபது அடி நீளக் கூடமானால், பெரிய விசிறி ஒன்றைவிட 1200 அளவில் இரண்டு மாட்டுவதே நல்லது.

அடுத்து உயரம். இதில் அவசரப்படாதீர்கள். இறக்கைகள் தரையிலிருந்து 8 அடி முதல் 9 அடிக்குள் சுழல வேண்டும். 7 அடிக்குக் கீழே வரவே கூடாது. சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் பட்டுவிடும். கூரைக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் அடியாவது விடுங்கள். விசிறி மேலிருக்கும் காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. கூரையை ஒட்டி மாட்டினால் இழுக்கக் காற்று இருக்காது.

எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரங்கள்மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணி), 12 அடி உயரம். பெட்டியில் வந்த ராடோ (விசிறியைக் கூரையிலிருந்து தொங்கவிடும் இரும்புக் குழாய்) ஓர் அடிகூட இல்லை. மூன்றடி ராடு தனியாக வாங்கி மாட்டிய அன்றே நாள்காட்டி படபடக்கத் தொடங்கியது. ஒன்பதரை அடிக் கூரை உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெட்டியில் வரும் ராடே போதும்.

ராடை மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ராடுக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருக்கக் கூடாது. முழு நீளத்துக்கும் ஒரே ஒயராகப் போடச் சொல்லுங்கள். ராடின் இரு முனைகளிலும் போல்ட்டு முடுக்கியபின் ஸ்பிளிட் பின் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து வளைத்திருக்கிறார்களா என்று ஏணியில் ஏறிப் பாருங்கள். நட்டு தளர்ந்தாலும் போல்ட்டு நழுவாமல் பிடிப்பது அந்தச் சிறு கம்பிதான்.

கடைசியாக மின்சாரம். சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி (BLDC) எனப்படும், மின்னணுச் சுற்றால் இயங்கும் மோட்டார் உள்ள விசிறி 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கே 40 யூனிட் குறையும். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிஎல்டிசி வாங்குவேன். எப்போதாவது ஓடும் அறைக்குச் சாதாரண விசிறி போதும். 2023 ஜனவரி முதல் விசிறிகளுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையில் நட்சத்திரத்தோடு ‘சர்வீஸ் வேல்யூ’ எண்ணையும் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்து வருவது அது. கூடினால் நல்லது. அலங்கார மர இறக்கை விசிறிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் வெயிலுக்கு மூன்று அலுமினிய இறக்கைகளே சரி.

பிற்சேர்க்கை: பிஎல்டிசி மாட்டியபின் ரீங்காரம் கேட்கிறது, வேகம் மாறி மாறி வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவர் வீட்டிலும் பழைய ரெகுலேட்டர் இணைப்பிலேயே இருந்தது. அதை நீக்கி நேரடி ஸ்விட்ச் கொடுக்கச் சொல்லுங்கள்; வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும். பழைய விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்பவர்கள், புதியது வாங்குமுன் எலக்ட்ரீஷியனிடம் கண்டென்சரை (மோட்டார் சுழல உதவும் சிறு மின்பாகம்) மாற்றச் சொல்லிப் பாருங்கள். பழையதில் எழுதியிருக்கும் அளவையே வாங்க வேண்டும்.