பழைய பாகங்களில் ஒரு ரெக்கார்ட் பிளேயர்

டர்ன்டேபிள் செய்ய எலக்ட்ரானிக்ஸ் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு தட்டு சத்தமில்லாமல், ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஆனால் முள் படிப்பது இசைத்தட்டில் உள்ள, மைக்ரான் கணக்கிலான நெளிவுகளை. அச்சு லேசாக ஆடினால் அந்த ஆட்டத்தையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். அதனால் கையிலிருக்கும் காசில் பெரும்பகுதியை அச்சுக்கு ஒதுக்குங்கள். பெட்டியின் அழகெல்லாம் அப்புறம்.

முதலில், ஓடாமல் கிடக்கும் பழைய பெல்ட் டிரைவ் பிளேயர் (மோட்டார் ஒரு பெல்ட் மூலம் தட்டைச் சுற்றும் வகை) ஒன்றைத் தேடுங்கள். அதிலிருந்து டோன்ஆர்ம் (முள்ளைத் தாங்கும் கை), சிங்க்ரனஸ் மோட்டார், அதோடு சேர்ந்த கெப்பாசிட்டர் மூன்றையும் கழற்றுங்கள். கழற்றும் முன் தட்டின் மையத்துக்கும் டோன்ஆர்ம் அச்சுக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; புதிய பலகையிலும் அதே தூரம்தான் வேண்டும். டோன்ஆர்மைச் சொந்தமாகச் செய்வதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி அச்சு. லேத் பட்டறையில் 10 மி.மீ. சில்வர் ஸ்டீல் ராடும் அது உள்ளே சுற்றும்படி பொருந்தும் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷும் கடையச் சொல்லுங்கள். ராடின் மேல் நுனி 7.1 மி.மீ. இருக்கட்டும், இசைத்தட்டின் துளை அதில் உட்காரும். புஷ்ஷின் அடியில் சைக்கிளில் போடும் சின்ன இரும்புக் குண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் அச்சை நிறுத்தி, சில துளி தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங் போடுவது சுலபமாகத் தெரியும், ஆனால் அது உருளும் சத்தம் பாட்டுக்கு அடியில் உறுமலாகக் கேட்கும். 300 மி.மீ. அலுமினியத் தட்டை அச்சில் பொருத்திய பிறகே கடைசியாக ஒருமுறை கடையச் சொல்லுங்கள். அப்போதுதான் தட்டு மேலும் கீழும் ஆடாது.

மோட்டாரில் மாட்டி பெல்ட்டை ஓட்டும் புல்லியின் விட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இவ்வகை மோட்டார்கள் பல நிமிடத்துக்கு 250 சுற்று ஓடும்; மோட்டார் மேலேயே எழுதியிருக்கும். எல்பி இசைத்தட்டுக்கு வேண்டியது 33⅓ சுற்று. தட்டின் விளிம்பில் பெல்ட் ஓடினால் 300 × 33⅓ ÷ 250 = 40 மி.மீ. பெல்ட்டின் தடிமனையும் சேர்க்க வேண்டும்: 1 மி.மீ. பெல்ட் என்றால் புல்லி 39.1 மி.மீ. இந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. வீட்டில் வோல்டேஜ் சற்று ஏறி இறங்கினாலும் பாட்டு இழுபடாது.

பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் போதும். மோட்டாரை அதில் திருகாதீர்கள். கனமான தனிப் பெட்டியில் பக்கத்தில் வையுங்கள். 110 வோல்ட் மோட்டாரானால் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. 230 வோல்ட் வயரிங்கில் ஃபியூஸும் எர்த்தும் கட்டாயம். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, ஓடுகிறதா? தட்டின் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 101 வந்தால் புல்லியை ஒரு சதவீதம் குறைக்க வேண்டும்.

அடுத்து கார்ட்ரிட்ஜ், அதாவது டோன்ஆர்மின் நுனியில் முள்ளோடு இருக்கும் சின்னப் பாகம். அதன் வயர்களில் வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்ட். கார்ட்ரிட்ஜ் பின்னில் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் உள்ளே கெட்டுவிடும். கிளிப்பில்தான் மாட்ட வேண்டும். முள் இசைத்தட்டை அழுத்தும் எடையை கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே வையுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். எடை குறைவானால் முள் துள்ளும், அதுவும் இசைத்தட்டைக் கெடுக்கும். கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், எனவே ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். அது இல்லையென்றால் தனி ஃபோனோ பிரீஆம்ப் (அந்தச் சின்ன சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வாங்க வேண்டும். ஹம் என்ற இரைச்சல் கேட்டால், டோன்ஆர்மிலிருந்து வரும் எர்த் வயரை ஆம்ப்ளிஃபையர் அல்லது பிரீஆம்பின் கிரவுண்ட் திருகில் இறுக்குங்கள்.