கிராமத்து பொண்ணுங்க ஏன் லேட்டா ஆஸ்பத்திரிக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிறது எப்படி

முதல்ல "ஏன் முன்னாடியே வரல"ன்னு கேக்காதீங்க, திட்டுற மாதிரி இருக்கும், அடுத்த தடவ வரவே மாட்டாங்க. நேத்து விடிஞ்சதுலருந்து என்னென்ன வேலை பாத்தீங்கன்னு கேளுங்க, தண்ணி எடுத்தேன் விறகு பொறுக்குனேன் புள்ளைக்கு ஊட்டுனேன்னு சொல்லிட்டே வருவாங்க, அதுலயே பாதி காரணம் புரிஞ்சிரும். அப்புறம் பணம் யார் கையில, கிளம்பணும்னா யார்கிட்ட கேக்கணும், ராத்திரி வலி வந்தா வண்டி கிடைக்குமான்னு பாருங்க.

1994-ல ததியஸ், மெய்ன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கர்ப்பம், பிரசவத்துல வர்ற இந்த லேட்ட மூணு தாமதமா பிரிச்சாங்க: முடிவெடுக்க, போய்ச்சேர, போன இடத்துல வைத்தியம் கிடைக்க. மூணாவதத்தான் நாம மறந்துடறோம், நர்ஸ் ஒரு தடவ எரிஞ்சு விழுந்தா அந்த தெருவே போக யோசிக்கும்.

கர்ப்பத்துல 8 தடவ செக்கப், முதல் தடவ 12 வாரத்துக்குள்ளன்னு 2016-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சு, அத புருஷனையும் மாமியாரையும் கூட உக்கார வச்சே சொல்லுங்க.