மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டுக்கு ஃபேமிலியோட முதல் தடவை போறீங்களா? சென்னைலருந்து ஸ்டெப் பை ஸ்டெப்

மே லீவ்ல நாங்க அஞ்சு பேர் மாலத்தீவுல ஒரு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்ல நாலு ராத்திரி தங்கிட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், பதினொரு வயசுப் பொண்ணு, நாலு வயசுப் பையன், அப்புறம் அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா. அத்தைக்கு 68 வயசு, சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. வந்ததுலருந்து அபார்ட்மென்ட்ல, ஆபீஸ்ல, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துலனு எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, "எல்லாமே அதுலயே அடக்கமாமே, கையில காசே வேண்டாமா?" வேணும். எது அடக்கம் எது அடக்கம் இல்லங்கறத புக் பண்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிட்டீங்கன்னா நிம்மதியா போயிட்டு வரலாம், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

ஸ்டெப் 1: மீல் பிளான் என்னன்னு புரிஞ்சுக்கோங்க

ரிசார்ட் சைட்ல நாலு வகை போட்டிருப்பாங்க. பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்னா காலை டிபன் மட்டும். ஹாஃப் போர்டுனா டிபனும் ராத்திரி சாப்பாடும். ஃபுல் போர்டுனா மூணு வேளையும். ஆல் இன்க்ளூசிவ்னா மூணு வேளையோட குடிக்கிறது, நடுவுல நொறுக்குத்தீனி, கொஞ்சம் விளையாட்டு எல்லாம் சேர்த்து. இதுல பெரிய வித்தியாசம் குடிக்கிறதுலதான். நான் சரக்கைச் சொல்லல, தண்ணியச் சொல்றேன். நிறைய ரிசார்ட்ல ஹாஃப் போர்டு, ஃபுல் போர்டுல டேபிள்ல வைக்கிற தண்ணி பாட்டிலுக்குக் கூட தனி பில். அந்தத் தீவுல ஆறு கிடையாது ஏரி கிடையாது, கடல் தண்ணிய மெஷின்ல உப்பு நீக்கித்தான் எல்லாமே. பக்கத்துல நாடார் கடையும் கிடையாது, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான், 1972-ல அங்க முதல் ரிசார்ட் ஆரம்பிச்சதுலருந்து பெரும்பாலும் இதே முறைதான். ரெண்டு பசங்க நாள் முழுக்க ஜூஸ், ஐஸ்க்ரீம், தண்ணினு கேப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் டாலர்ல குடுக்கணும்னா தாங்காது. அதனால குழந்தைங்களோட போறவங்களுக்கு ஆல் இன்க்ளூசிவ்தான் சரினு நான் உறுதியா சொல்வேன், நீங்க குடிக்காதவங்களா இருந்தாலும்.

ஸ்டெப் 2: எந்த மாசம்

டிசம்பர்லருந்து ஏப்ரல் வரைக்கும் அங்க வெயில் சீசன், ரேட்டும் உச்சத்துல இருக்கும். அரையாண்டு லீவ்ல போலாம்னு நினைச்சீங்கன்னா ஒரு விஷயம், பல ரிசார்ட்ல டிசம்பர் 24, 31 ரெண்டு ராத்திரியும் காலா டின்னர்னு ஒரு விசேஷ விருந்து கட்டாயம், ஆல் இன்க்ளூசிவ் வாங்கியிருந்தாலும் அதுக்கு ஆளுக்கு தனி காசு. மே மாசத்துல தென்மேற்குப் பருவக்காத்து ஆரம்பிச்சிரும், மழை வரும், ஆனா ரேட் நல்லா குறையும். எங்களுக்கு நாலு நாள்ல ஒரு மதியம் மட்டும் கொட்டித் தீர்த்துச்சு, மத்த நேரம் வெயில்தான். ஸ்கூல் லீவ்னு பாத்தா நம்மளுக்கு மே தான் வசதி.

ஸ்டெப் 3: பாஸ்போர்ட், பேரு

இந்தியர்களுக்கு மாலத்தீவு விசா அங்க இறங்கினதும் இலவசமா போட்டுத் தர்றாங்க, விசாவுக்குன்னு முன்கூட்டி எதுவும் அப்ளை பண்ண வேண்டாம். பாஸ்போர்ட் மட்டும் ஆறு மாசத்துக்கு மேல வேலிட்டா இருக்கட்டும். குழந்தைங்க பாஸ்போர்ட் அஞ்சு வருஷம்தான் செல்லும், பெரியவங்களுது மாதிரி பத்து வருஷம் இல்ல, இத மறந்துட்டு கடைசி நேரத்துல சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுல போய் நிக்கிறவங்கள நானே பாத்திருக்கேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்குற தலைவலி இனிஷியல். ஆதார்ல ஒரு எழுத்து இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்ல அது அப்பா பேரா விரிஞ்சிருக்கும், சில பேருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும். ஏர்லைன் சைட்ல சர்நேம் போடாம அடுத்த பக்கம் போகவே விடாது. அத்தை பாஸ்போர்ட்ல சர்நேம் காலி. நானா எதையும் அடிக்காம ஏர்லைனுக்கு போன் பண்ணிக் கேட்டு, அவங்க சொன்ன மாதிரி போட்டேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. எங்க வீட்ல எனக்கு எங்க அப்பா பேரு, பசங்களுக்கு அவங்க அப்பா பேரு, அவருக்கு அவரோட அப்பா பேரு, ஆளுக்கொரு சர்நேம். அதனால பசங்க பர்த் சர்டிபிகேட் காப்பி கையில வச்சுக்கிட்டேன்.

ஸ்டெப் 4: தீவுக்கு எப்படிப் போறதுன்னு பாத்துட்டு அப்புறம் ரிசார்ட் தேடுங்க

எல்லாரும் போட்டோ பாத்து ரிசார்ட் செலக்ட் பண்றாங்க, நான் உல்டாவா சொல்றேன். சென்னைலருந்து மாலத்தீவு தலைநகர் மாலேவுக்குப் பறக்குற தூரம் கம்மிதான், சுமார் ரெண்டு மணி நேரம். ஆனா நேரடி ஃப்ளைட் உங்க தேதிக்கு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கொழும்பு மாதிரி நடுவுல எங்கயாவது மாறிப் போகணும். மாலே ஏர்போர்ட்லருந்து ரிசார்ட்டுக்கு பெரும்பாலும் ரெண்டு வழி: பக்கத்துத் தீவுன்னா ஸ்பீட்போட், தூரத்துத் தீவுன்னா சீப்ளேன், தண்ணி மேலயே இறங்குற குட்டி விமானம். சீப்ளேன் பகல்ல மட்டும்தான் ஓடும், மதியம் மூணரைக்கு மேல நீங்க லேண்ட் ஆனீங்கன்னா பெரும்பாலும் அன்னிக்கு சீப்ளேன் கிடைக்காது, மாலேலயோ பக்கத்துத் தீவு ஹுல்ஹுமாலேலயோ ஒரு ராத்திரி தனிக் காசு குடுத்து தங்கி காலைல போகணும். அங்க ரிசார்ட்ல காசு கட்டின ரூம் காலியா கிடக்கும். சீப்ளேன்ல லக்கேஜும் ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோனு எடை போடுவாங்க, டிக்கெட்டே ஆளுக்கு சில நூறு டாலர் வரும். அஞ்சு பேர் குடும்பத்துக்கு அது என்ன கணக்குனு போட்டுப் பாருங்க. நாங்க ஸ்பீட்போட்ல முக்கால் மணி நேரம் போற தீவா பாத்து எடுத்தோம். ராத்திரி இறங்கினாலும் கூட்டிட்டுப் போவாங்களான்னு மட்டும் கேட்டு வச்சுக்கோங்க.

போட்ல பின்னாடி சீட்ல உக்காருங்க, முன்னாடி தூக்கித் தூக்கிப் போடும். அத்தைக்கு ஃபேமிலி டாக்டர் கிட்ட கேட்டு வாந்தி மாத்திரை முன்னாடியே குடுத்துட்டோம்.

ஸ்டெப் 5: ரூம்

தண்ணி மேல நிக்கிற வாட்டர் வில்லாதான் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் இருக்கும். சின்னப் பசங்க இருந்தா வேண்டாம். பின்கதவத் திறந்தா மரத் தளம், அதுலருந்து படி நேரா கடல்ல இறங்குது, பல இடத்துல தடுப்பே கிடையாது. இதனாலயே சில ரிசார்ட்ல பன்னெண்டு வயசுக்குக் கீழ இருக்கிறவங்கள வாட்டர் வில்லாவுல விட மாட்டாங்க. பீச் வில்லா எடுங்க, வாசல்ல மணல், பசங்க பக்கெட்ட வச்சுக்கிட்டு அங்கயே கிடப்பாங்க, அத்தை திண்ணையில உக்காந்துக்கிட்டே ஒரு கண்ணு வச்சுப்பாங்க. பெரியவங்க மட்டும்னு சில ரிசார்ட் இருக்கு, அதையும் செக் பண்ணிக்கோங்க. குழந்தை வயச செக்இன் தேதிய வச்சுத்தான் எடுப்பாங்க, பன்னெண்டு முடியப் போகுதுன்னா ரேட்டே மாறலாம்.

ஸ்டெப் 6: உண்மையான விலை

இது முக்கியம். விலைக்குப் பக்கத்துல ++ னு குட்டியா போட்டிருந்தா அதுல வரி சேரல. முதல்ல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல டூரிசம் ஜிஎஸ்டி, அது 2025 ஜூலைலருந்து 17 சதவீதம். அதாவது 1000 டாலர்னு பாக்குறது 1100 ஆகி, அப்புறம் 1287 ஆகும். இதோட கிரீன் டாக்ஸ்னு ஒண்ணு, 2025 ஜனவரிலருந்து ரிசார்ட்ல ஆளுக்கு ராத்திரிக்கு 12 டாலர், ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு மட்டும் இல்ல. எங்க அஞ்சு பேருக்கு நாலு ராத்திரிக்கு 240 டாலர். பாதி சைட்ல இது மொத்தத்துல சேராம, செக்அவுட்ல கேப்பாங்க.

டிராவல் ஏஜென்ட் கிட்ட பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ்னு ஒரு வரிய முன்கூட்டியே பிடிப்பாங்க, அது போன காசு இல்ல, வருமான வரி ரிட்டர்ன்ல சரிக்கட்டிக்கலாம், அதனால ரிட்டர்ன் போடுறவங்க பான் நம்பர்லயே புக் பண்ணுங்க. நீங்களே கார்டு போட்டு டாலர்ல கட்டினா அதுக்கு பேங்க் மேல போடுற மார்க்அப் எவ்ளோன்னு பாத்துக்கோங்க, பல கார்டுல 3.5 சதவீதம் வரைக்கும் இருக்கு.

ஸ்டெப் 7: ஒரு மெயில் போடுங்க

காசு கட்டுறதுக்கு முன்னாடி ரிசார்ட் ரிசர்வேஷனுக்கு நேரா ஒரு மெயில். எந்தெந்த ரெஸ்டாரன்ட் பிளான்ல சேரும், ரூம் ஃப்ரிட்ஜ்ல வைக்கிற மினிபார் சேருமா, ஸ்நார்க்லிங் மாஸ்க், துடுப்பு போட்டு ஓட்டுற கயாக் இலவசமா, போட் டிரான்ஸ்ஃபர் சேருமா, கிரீன் டாக்ஸ் சேருமா, குழந்தைக்கு எக்ஸ்ட்ரா கட்டில் உண்டா, சுத்த சைவம் கிடைக்குமா. பொதுவா ஸ்பா, ஜெட் ஸ்கீ மாதிரி மோட்டார் விளையாட்டு, டால்பின் பாக்கப் போறது இதெல்லாம் பெரும்பாலான ஆல் இன்க்ளூசிவ்ல வெளியதான்.

நான் எல்லாம் கேட்டேன், ரெஸ்டாரன்ட்ட மட்டும் விட்டுட்டேன். மூணாவது நாள் ராத்திரி கடலோரமா இருந்த கிரில் ரெஸ்டாரன்ட்ல போய் உக்காந்தோம், மெனுல சில ஐட்டத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரம், அதுக்கு அர்த்தம் அடியில பொடி எழுத்துல. ஆர்டர் எடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லல. பொண்ணு ஆசைப்பட்டுக் கேட்ட இறால் தட்டுக்கும் அவரு சாப்பிட்ட மீனுக்கும் சேர்த்து செக்அவுட்ல 96 டாலர். எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா போச்சு, ஆல் இன்க்ளூசிவ்னு அடையாளத்துக்கு கையில பேண்டு கட்டிட்டு உக்காந்திருக்குற விருந்தாளி கிட்ட "இது தனி பில்லுங்க"னு வாய் விட்டுச் சொல்லணும், அது அவங்க கடமை. நீங்க உக்காந்த உடனே கேட்டுருங்க.

ஸ்டெப் 8: பேக்கிங்

அங்க பிளக் பாயின்ட் பெரும்பாலும் இங்கிலாந்து மாதிரி, மூணு சதுர முள்ளு. ரிச்சி ஸ்ட்ரீட்ல அடாப்டர் ரெண்டு மூணு வாங்கிக்கோங்க. பசங்களுக்கு முழுக்கை நீச்சல் டிரெஸ், இல்லன்னா முதுகு வெந்து போயிரும். காய்ச்சல், வயித்துப்போக்கு மருந்து, பெரியவங்க பிரஷர் சுகர் மாத்திரை சீட்டோட. டிராவல் இன்சூரன்ஸ் கண்டிப்பா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலே போட் பிடிக்கணும். பருப்புப் பொடி, ஒரு பாட்டில் ஊறுகாய், செக்இன் பெட்டியில.

கொண்டு போகக் கூடாதது: மதுபானம், பன்னிக்கறி ஐட்டம், வேப்னு சொல்ற இ-சிகரெட். பூஜை பண்ற விக்ரகமும் கூடாது. அத்தை எங்க போனாலும் கைப்பையில ஒரு குட்டிப் பித்தளைப் பிள்ளையார் வச்சிருப்பாங்க, கிளம்புற அன்னிக்கு அவர பூஜை ரூம்லயே விட்டுட்டு, ரெண்டு தடவை திரும்பி வந்து பாத்துட்டுத்தான் கார்ல ஏறினாங்க. கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா அந்த ஊர் கஸ்டம்ஸ் சட்டம் அது.

ஸ்டெப் 9: கிளம்புற வாரம்

இமுகானு மாலத்தீவு இமிக்ரேஷன் சைட், அதுல டிராவலர் டிக்ளரேஷன் ஆளுக்கு ஒண்ணு, ஃப்ளைட்டுக்கு 96 மணி நேரத்துக்குள்ள போடணும். இலவசம். காசு கேக்குற சைட்டுன்னா அது போலி, மூடிருங்க. திரும்பி வர்றதுக்கும் இதே மாதிரி இன்னொரு தடவை போடணும்.

ஸ்டெப் 10: சாப்பாடு

முதல் நாள் காலைல பஃபேல ஒரு பெரிய பாத்திரத்துல வெள்ளையா தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்ச மிளகா, எலுமிச்சம் வாசனை, பக்கத்துல மெல்லிசா சப்பாத்தி. அத்தை ஆசையா தட்டுல ரெண்டு கரண்டி போட்டுட்டாங்க, "ஏம்மா, நம்ம தேங்கா பொரியலாட்டம் இருக்கே". வாய்க்குப் போறதுக்குள்ள சமையல்கட்டுலருந்து ஒரு தம்பி ஓடி வந்தான், நாகர்கோவில் பக்கமாம், "அம்மா அது மாஸ் ஹுனி, மீனு, சூரை மீனு!" மாஸ்னா அவங்க பாஷையில மீன். நம்ம ஊர்ல மாசிக் கருவாடுனு விக்கிறாங்களே, அதுவும் இதே சூரை மீன்ல பண்றதுதான். தேங்காய்க்கு நடுவுல மீன் நாரு நாரா இருக்கும், பாத்தா தெரியவே தெரியாது. சைவம் சாப்பிடுறவங்க எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, குழம்புலயும் சூப்புலயும் கூட மீன் இருக்கும்.

அன்னிக்கே ஹெட் செஃப்ப பாத்து சொல்லிட்டோம். அந்தத் தம்பி தினமும் மதியம் ஒரு சின்ன கிண்ணத்துல கடுகு தாளிச்ச தயிர் சாதம் கொண்டு வந்து அத்தை முன்னாடி வச்சுருவான். ரிசார்ட்ல இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆளுங்க நிறைய பேர் வேலை பாக்குறாங்க, தயங்காம பேசுங்க.

ஸ்டெப் 11: கடல், கடிகாரம்

லைஃப் ஜாக்கெட் குழந்தை சைஸ்ல முதல் நாளே வாங்கி ரூம்ல வச்சுக்கோங்க, லைஃப்கார்ட் இருக்காங்களா, நீரோட்டம் எந்தப் பக்கம்னு கேளுங்க. பவளப்பாறை மேல கால் வைக்காதீங்க, அது உயிர், ஊருக்குக் கொண்டு வரவும் சட்டப்படி அனுமதி கிடையாது.

மாலே நேரம் நம்ம நேரத்தவிட அரை மணி பின்னாடி. ஆனா சில ரிசார்ட்ல வெளிச்சம் நிறைய கிடைக்கணும்னு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க. உங்க போன் மாலே நேரம் காட்டும், டின்னர் தீவு நேரத்துக்கு முடிஞ்சிரும். திரும்பற போட் எத்தனை மணிக்குனு கேக்கும்போது "தீவு டைமா மாலே டைமா"னு சேர்த்துக் கேளுங்க.

ஸ்டெப் 12: கிளம்பற நாள்

பில்ல முந்தின நாள் ராத்திரியே பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க, காலைல போட் நிக்கும்போது வரிசையில நின்னு வாதாட முடியாது. ஒவ்வொரு வரியா மெயில்ல வாங்கின பதிலோட ஒத்துப் பாருங்க. எங்க பில்ல எடுக்காத மினிபார் சாக்லேட் ஒண்ணு ஏறியிருந்துச்சு, சொன்ன உடனே எடுத்துட்டாங்க. செக்அவுட் மதியம் பன்னெண்டு, போட் சாயங்காலம்னா நடுவுல குளிச்சு டிரெஸ் மாத்த பொது ரூம் இருக்கும், கையில கட்டின பேண்ட அதுவரைக்கும் கழட்டாம இருந்தா மதிய சாப்பாடும் தண்ணியும் கிடைக்குமானு ரிசப்ஷன்ல கேளுங்க. எங்களுக்குக் குடுத்தாங்க, பையன் கடைசியா ரெண்டு ஐஸ்க்ரீம் வாங்கிட்டுத்தான் போட்ல ஏறினான்.