பூனைக்கும் முயலுக்கும் நடுவில் ஒரு துவர்த்து: என் அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீடு. மகள் அடம்பிடித்து இரண்டு முயல்குட்டிகள் வாங்கிய அன்றே, நாலு வருடமாக வீட்டை ஆண்டுவந்த பூனை கூட்டின் முன்னால் வயிறு தரையில் ஒட்டப் பதுங்கிவிட்டது. வால் நுனி மட்டும் ஆடியது. உள்ளே முயல் பின்னங்காலால் பலகையில் டொம் டொம் என்று அடித்தது. விளையாடுகிறதென்று சிரித்தோம். அது பயத்தில் அடிக்கிற எச்சரிக்கையாம்! கால்நடை மருத்துவர்தான் சொன்னார். கடிக்கவே வேண்டாம், பயத்திலேயே முயல் செத்துப்போகலாம். பூனைப் பல் லேசாகப் பட்டாலும் கிருமி ஏறிவிடும், உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

முதலில் கூட்டைப் பின்னறைக்கு மாற்றி, அரை இன்ச் கம்பி வலை அடித்தேன். பழைய வலையில் பூனையின் கை தாராளமாக நுழையும். ஒளிந்துகொள்ள, இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று உள்ளே.

அப்புறம் வாசனை. முயலைத் துடைத்த துவர்த்தை, அதாவது துண்டை, பூனையின் தட்டுக்கு அடியில் விரித்துச் சாளை வைத்தேன். முதல் நாள் மீனையே தொடவில்லை, என்ன ரோஷம்! மூன்றாம் நாள் பசி வென்றது.

முயல்கள் நன்றாக வளர்ந்த பிறகுதான், பூனைக்கு நகம் வெட்டி, வயிறு நிறைந்த நேரமாகப் பார்த்துத் திறந்துவிட்டேன். பெரிய முயல் நேராக ஓடிப்போய்ப் பூனையை முட்டியது. பூனை பீரோ மேல் ஏறிவிட்டது.

இருந்தாலும் வெளியே கிளம்பினால் பின்னறைக்குப் பூட்டுதான்.