காற்றாலை சிமுலேஷன்: சரிபார்ப்பில் சறுக்கும் இடங்கள்

கணவாய்க் காற்றில் சுழலும் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்த நம் பாலக்காட்டுப் பிள்ளைகள், இறக்கை வளைவைக் கணக்கிடும் மென்பொருளை எழுதி முடித்ததும் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: அளந்த தரவின் மேல் தங்கள் கோட்டைப் போட்டுப் பார்ப்பது. தப்பு அங்கேதான் ஆரம்பம். காற்று வேகத்தைக் கூடுதலாக எடுத்த பிழையும், இறக்கையின் விறைப்பைக் கூடுதலாக வைத்த பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கோடு அழகாகப் பொருந்திவிடும்.

முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். ஒரு முனை இறுகப் பிடித்த 10 மீட்டர் உத்தரம், வளைவு விறைப்பு 1 கோடி நியூட்டன் சதுர மீட்டர், நுனியில் 1000 நியூட்டன் விசை. நுனி 33.3 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 40 வந்தால் காற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

33.3 வந்ததும் நிறுத்திவிடுவது அடுத்த தப்பு. அசைவுக் கணக்கில் நேரப் படியை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான நேரத்தை, பாதியாக்கிப் பாருங்கள். இரண்டாம் வரிசை முறை (பிழை நேரப் படியின் வர்க்கத்தோடு குறையும் முறை) என்றால் பிழை கால்வாசியாக வேண்டும்; பாதிதான் குறைகிறதென்றால் எங்கோ முந்தைய படியின் விசையை எடுத்துப் போட்டிருப்பீர்கள். காற்று விசைப் பகுதியும் இறக்கைப் பகுதியும் கைகோக்கும் இடத்தில் முதலில் தேடுங்கள். விடையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இந்தப் பிழை படாது, ஏனென்றால் படம் நன்றாகத்தான் இருக்கும்.

அதிர்வை மெல்ல அடக்கும் தணிப்பைச் சுழியமாக்காமல் சோதிப்பதும் வழக்கமான தப்பு. தணிப்பு எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும்.

அமெரிக்க ஆய்வகமான என்ஆர்இஎல் ஆய்வுக்காக வரையறுத்த 5 மெகாவாட் மாதிரி காற்றாலையின் சுழலி முழுத் திறனில் நிமிடத்துக்கு 12.1 சுற்று. நின்ற இறக்கைக்கும் சுழலும் இறக்கைக்கும் உங்கள் நிரல் ஒரே அதிர்வெண்ணைத் தருகிறதா? மையவிலக்கு விசை தரும் விறைப்பை விட்டுவிட்டீர்கள்.

காற்றாலைகளைக் கணக்கிடும் திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஃபாஸ்ட்டைக் காட்டி, 'ஓப்பன்ஃபாஸ்ட்டோடு ஒத்துப்போகிறது' என்பதும் முழுச் சான்று ஆகாது. அதில் இறக்கை, கோபுர அசைவைக் கணக்கிடும் எலாஸ்ட்டோடைன் பகுதியில் இறக்கை முறுக்கம் கிடையாது. உங்கள் நிரலிலும் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுபோல் விட்டுவிட்டு ஒன்றுபோல் ஒத்துப்போகும். முறுக்கம் வேண்டுமென்றால் ஓப்பன்ஃபாஸ்ட்டின் இன்னொரு இறக்கைப் பகுதியான பீம்டைனோடு ஒப்பிடுங்கள்.

நிரலைத் தொட்டதும் பழைய விடையோடு ஒப்பிடும் தானியங்கிச் சோதனை நல்லதுதான். ஆனால் அது சொல்வது 'மாறவில்லை' என்று மட்டுமே; முதலில் சேமித்ததே தப்பாக இருந்தால் அந்தத் தப்பும் வருஷக்கணக்கில் பச்சை டிக் வாங்கிக்கொண்டிருக்கும்.