பீப் அடித்தால் போதாது: கைக்கருவிகளில் நாம் செய்யும் சில தவறுகள்

போன வாரம் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பையன் தன் ரோபோ வண்டிக்கு ஒயர் தயார் செய்துகொண்டிருந்தான். ஒயர் முனையில் மாட்டிய உலோகப் பின்னை நோஸ் பிளையரால் ஒரு கடி கடித்தான். திருப்பிப் பிடித்து இன்னொரு கடி. மேலே ஒரு சொட்டு ஈயம் வைத்தான். இழுத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா பிடிச்சிருக்குண்ணா" என்றான். எனக்குப் பல் கூசியது. அதே பிளையர், அதே சொட்டு ஈயம், அதே திருப்தி ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. பிறகு இரண்டு வாரம் தூக்கம் போனது.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சோல்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது, கரன்ட் இருக்கும்போது ஏன் கை வைக்கக்கூடாது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதெல்லாம் முதல் நாளே தானாகத் தெரிந்துவிடும். செய்யும்போது சரியாகவே தெரிந்து, மாதக்கணக்கில் கழித்து வேறு வேஷத்தில் வந்து நிற்கும் தவறுகள்தான் ஆபத்து.

## ஸ்ட்ரிப்பரில் தவறான ஓட்டை

ஒயரின் தடிமனைச் சொல்லும் ஏடபிள்யூஜி எண் கூடக்கூட ஒயர் மெலியும். ஒற்றைக் கம்பி என்றால் 22-ஆம் எண்ணுக்கு விட்டம் சுமார் 0.64 மி.மீ., 28-ஆம் எண்ணுக்கு அதில் பாதி. உறையை உரிக்கும் ஸ்ட்ரிப்பரில் இருக்கும் ஓட்டைகள் இதற்காகத்தான். ஒரு ஓட்டை சின்னதாக வைத்து இழுத்தால் இன்சுலேஷன் அழகாகக் கழன்று வரும், கூடவே சில இழைகளும் வரும். 28-ஆம் எண் ஒயர்களில் பலவற்றில் மொத்தமே 7 இழைதான். இரண்டு போனால் மிச்சம் ஐந்து.

ஒற்றைக் கம்பியில் இழை போகாது, சுற்றிலும் ஒரு கீறல் விழும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முறை வளைத்தால் சரியாக அங்கேதான் ஒடியும்.

உரித்துக் கழற்றிய அந்தக் குட்டி உறைத் துண்டைத் தூக்கிப் போடும் முன் அதற்குள் எட்டிப் பாருங்கள். செம்பு முடி ஒன்று ஒட்டியிருந்தாலும் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரிப்பதுதான் சரி. சிலிகான் உறை ரப்பர் மாதிரி நீளும். கத்தி மழுங்கியிருந்தால் அதில் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

## பிளையரால் கிரிம்ப் அடிப்பது

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிரிம்ப் என்றால் உலோகப் பின்னை ஒயர் முனையில் அழுத்திப் பிடிக்க வைப்பது.

நான் செய்திருந்தது சாதாரண ஒரு வெப்பநிலைப் பெட்டி. ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை, இரண்டு சென்சார், ஒரு சின்னத் திரை. எல்லாவற்றையும் 2.54 மி.மீ. இடைவெளி உள்ள டூபாண்ட் வகைப் பின்களால் இணைத்திருந்தேன். மேஜைமேல் பரப்பி வைத்தால் நாள் முழுக்க ஓடும். பெட்டிக்குள் வைத்து மூடினால் சில மணி நேரத்தில் ரீசெட் ஆகும். சில நாள் ஆகவே ஆகாது, அதுதான் கொடுமை.

சீரியல் மானிட்டரில் 'ப்ரவுன்அவுட்' என்று ஒரு வரி வந்துகொண்டிருந்தது. வோல்ட்டேஜ் விழுகிறது என்று பலகையே வாய்விட்டுச் சொல்கிறது. நான் அடாப்டரைச் சந்தேகித்து வேறொன்று மாட்டினேன். 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தேன். போதவில்லை என்று 1000 ஆக்கினேன். புரோகிராமை முதலிலிருந்து இரண்டு முறை எழுதினேன். வைஃபை லைப்ரரியைத் திட்டினேன். கடைசியில் பலகையே பழுது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன். அதுவும் ரீசெட் ஆனது.

ஒயரை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் தொடர்பு இருக்கிறதா என்று அதை முதல் நாளே மல்டிமீட்டரில் சோதித்திருந்தேன். பீப் என்று அடித்தது.

அந்தப் பீப் என்ன சொல்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. பல மீட்டர்கள் 30 ஓம் வரை, சில அதற்கு மேலும் பீப் அடிக்கும். அதுவும் மிகச் சிறிய கரன்டை அனுப்பித்தான் சோதிக்கும். ஈஎஸ்பி32 வைஃபையில் எதையாவது அனுப்பும் கணத்திலோ சில நூறு மில்லிஆம்பியர் இழுக்கும். 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கிரவுண்ட் ஒயரின் பின்னில் 3 ஓம் கூடியிருந்தால் 1.2 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். 5 வோல்ட்டில் மிச்சம் 3.8. பலகையில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்கும் ஏஎம்எஸ்1117 மாதிரி ரெகுலேட்டர் தன் பங்குக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் கேட்கும். பிறகு 3.3 வோல்ட் எங்கிருந்து வரும்? நான் சேர்த்த கெப்பாசிட்டரும் உதவவில்லை. அதை வைத்தது அடாப்டர் பக்கம், பழுதான பின்னுக்கு அந்தப் பக்கம்.

கண்டுபிடித்தது திறமையால் அல்ல. ஒரு ராத்திரி பெட்டியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிச்சலில் ஒயர்க் கொத்தைத் தள்ளினேன். திரை அணைந்து எரிந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி அணைந்தது. கறுப்பு ஒயர். ஹவுசிங் என்ற பிளாஸ்டிக் கூட்டிலிருந்து பின்னை உருவி பூதக்கண்ணாடியில் பார்த்தால், வெளியே பளபளவென்று ஈயம். உள்ளே, ஈயம் முடியும் இடத்தில் இழைகள் பெரும்பாலும் ஒடிந்து, இரண்டே இரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. பெட்டியை மூடும்போது ஒயர் வளையும் இடமும் அதுவேதான்.

இந்தப் பின்னின் வாலில் இரண்டு ஜோடி இறக்கை இருக்கும். முன்ஜோடி செம்பைப் பிடிப்பதற்கு, பின்ஜோடி இன்சுலேஷனைப் பிடிப்பதற்கு. சரியான கிரிம்பர் முன்ஜோடியை உள்நோக்கிச் சுருட்டி, இறக்கைகளின் நுனியை இழைகளுக்கு நடுவிலேயே இறக்கி அழுத்தும். அந்த அழுத்தத்தில் இழைகள் வட்ட வடிவத்தையே இழந்து ஒன்றோடொன்று நெருங்கும். நல்ல கிரிம்ப் ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தேனடை மாதிரி இருக்கும், சந்தே தெரியாது. காற்று புக வழியில்லாததால் உள்ளே செம்பு கறுக்காது. பல வருடம் கழித்தும் தொடர்பு நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பிளையர் என்ன செய்கிறது? இறக்கைகளைத் தட்டையாக மடக்கிவிடுகிறது. இழைகள் உள்ளே கட்டுத் தளர்ந்த விறகு மாதிரி கிடக்கும். இழுத்தால் வராது, அவ்வளவுதான். கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையில் மோசமான கிரிம்ப்பும் பாஸாகும். அந்தப் பையன் ஏமாந்ததும் இங்கேதான், நான் ஏமாந்ததும் இங்கேதான்.

## அதன்மேல் ஈயம் வைப்பது

சந்தேகத்துக்கு மருந்தாக எல்லோரும் செய்வது இது. ஈயம் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, இன்சுலேஷனுக்குள்ளும் போய்விடும். அதுவரை நெகிழ்ந்து கொடுத்த ஒயர் அந்தத் தூரத்துக்கு ஒரே குச்சியாகிவிடும். குச்சி முடிந்து ஒயர் தொடங்கும் எல்லையில்தான் வளைவு முழுக்க விழும், அங்கேதான் ஒடியும். நல்ல கிரிம்புக்கு ஈயம் தேவையில்லை. மோசமான கிரிம்பை ஈயம் மறைக்கும்.

ஸ்க்ரூ டெர்மினலுக்குள் போகும் முனையில் ஈயம் பூசுவதும் இதற்கு அண்ணன் தம்பி. அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்க, ஸ்க்ரூ தளர்ந்துவிடும். அங்கே ஃபெருல் என்ற குட்டி உலோகக் குழாயை மாட்டி அழுத்துங்கள்.

அப்போ என்ன செய்வது? ராட்செட் உள்ள கிரிம்பர் ஒன்று. முழு அழுத்தம் கிடைக்கும்வரை அது வாயைத் திறக்காது. பாதியில் விடும் நம் சோம்பலுக்கு அதில் இடமில்லை. என் சொந்த விருப்பம் எஞ்சினியர் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிஏ-09. அதில் ராட்செட் கிடையாது. செம்புக்கு ஒரு முறை, இன்சுலேஷனுக்கு ஒரு முறை என்று தனித்தனியாக அழுத்த வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் கைக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். எதை வாங்கினாலும் முதல் இருபது பின் குப்பைக்குத்தான் போகும். அதற்கென்றே ஒரு பாக்கெட் ஒதுக்கிவிடுங்கள்.

உரிக்கும் நீளம் 2 முதல் 3 மி.மீ. போதும். அடித்து முடித்ததும் பாருங்கள்: முன்ஜோடிக்கு முன்னால் செம்பு நுனி துளி எட்டிப் பார்க்க வேண்டும், பின்ஜோடி உறையை மட்டும் பிடித்திருக்க வேண்டும். முன்ஜோடி உறைமேல் ஏறியிருந்தால் அது வெறும் அலங்காரம்.

கிரிம்பர் வாங்க இப்போது வசதி இல்லையா? தொழிற்சாலையில் பின் அடித்த ஜம்பர் ஒயர்களை வாங்கி, நடுவில் வெட்டி, உங்கள் ஒயரோடு ஈயம் வைத்து இணைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு அசையாமல் கட்டிவிடுங்கள். பிளையரை விட ஆயிரம் மடங்கு மேல்.

சோதிப்பதற்கு, மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை அடாப்டரின் கிரவுண்டில், இன்னொன்று பலகையின் கிரவுண்டில். பலகை ஓடும்போதே ஒயரை ஆட்டிப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அசையாமல் நின்றால் நிம்மதி. ஆட்ட ஆட்ட நூற்றுக்கணக்கில் குதித்தால் திருடன் கிடைத்துவிட்டான்.

## 2.5-ஐயும் 2.54-ஐயும் ஒன்றென்று நினைப்பது

பின்களுக்கு இடையே உள்ள மி.மீ. இடைவெளியைச் சொல்கிறேன். மூன்று பின்னில் வித்தியாசம் தெரியாது. பத்துப் பின்னில் தெரியும்.

## டிப்பை உப்புத்தாளால் தேய்ப்பது

வேண்டாம். சோல்டரிங் அயர்னின் டிப் உள்ளே செம்பு, மேலே மெல்லிய இரும்புப் பூச்சு. பூச்சு போனால் ஈயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும். கறுத்த டிப்புக்குப் பித்தளைச் சுருளும் புது ஈயமும் போதும். அணைக்கும் முன் நுனியில் கொஞ்சம் ஈயத்தை விட்டு வையுங்கள்.

## கூட்டல் குறி எல்லாம் பிலிப்ஸ் அல்ல

போஸிடிரைவ் தலையில் கூட்டல் குறிக்கு நடுவே இன்னும் நான்கு மெல்லிய கோடு இருக்கும். ஜப்பானியக் கருவிகளில் வரும் ஜேஐஎஸ் தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி. இவற்றில் பிலிப்ஸை வைத்துத் திருகினால் வழுக்கும், மூன்றாவது வழுக்கலில் தலை மொட்டையாகிவிடும்.

## ட்வீசரால் நெம்புவது

நுனி ஒரு முறை வளைந்தால் வளைந்ததுதான்.

## கட்டரால் எதை வேண்டுமானாலும் வெட்டுவது

ஃப்ளஷ் கட்டர் மென்மையான செம்புக்கானது. நான் வைத்திருக்கும் ஹாக்கோ சிஎச்பி-170 கூட 16-ஆம் எண் செம்புக் கம்பி வரைக்கும்தான், அதாவது சுமார் 1.3 மி.மீ. அதில் கிடார் கம்பியையோ பேப்பர் கிளிப்பையோ வெட்டினால் அலகில் அரைநிலா மாதிரி ஒரு பள்ளம் விழும். அப்புறம் மெல்லிய இழைகள் அந்தப் பள்ளத்தில் ஒளிந்துகொண்டு வெட்டுப்படாமல் மடங்கும்.

இரும்பு என்று தெரியாமலேயே வெட்டுவதும் உண்டு. எல்இடியின் கால்கள், சில ரெசிஸ்டர்களின் கால்கள் செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ பளபளத்தாலும் உள்ளே இரும்பாக இருக்கும். காந்தத்தைக் காட்டினால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். என் மேஜையில் ஒரு குட்டிக் காந்தம் இதற்காகவே கிடக்கிறது. வெட்டும்போது துண்டின்மேல் ஒரு விரலை வையுங்கள், இல்லாவிட்டால் அது நேரே கண்ணைத் தேடிப் போகும். கண்ணாடி போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

கேட்பவர்களுக்கு இரவல் கொடுக்க ஒரு பழைய கட்டர் வைத்திருக்கிறேன். அதன் அலகில் ஏற்கெனவே நான்கு அரைநிலா. சிவப்பு டேப் சுற்றியதைக் கேட்காதீர்கள்.